முயற்சியும் வருத்தமும்
குருதியோட்டம் தடைப்படுங்கால் தசை கூறும் செய்தி

தமிழில் 'வருத்தம்' என்னுஞ் சொல் ஆழ்ந்து நோக்கத்தக்கது. பழைய நூல்வழக்கில் அஃது உடலை ஒறுத்துச் செய்யும் முயற்சியையும் குறிக்கும். அதனால் எய்தும் துன்பத்தையும் குறிக்கும். யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கிலோ நோய் என்னும் பொருளே அதற்கு முதன்மையாய் நிற்கின்றது. முயற்சி, துன்பம், நோய் ஆகிய மூன்றையும் ஒரு சொல்லால் வழங்கிய மக்கள், அவை தம்முள் நெருங்கிய உறவுடையன என்பதை அநுபவத்தால் அறிந்திருந்தனர் போலும். ஆயினும் உறவுடையன யாவும் ஒன்றாகிவிடா. முயற்சி என்னும் உணர்வு எது, தசையில் எழும் நோவு எது, அவ்விரண்டும் எங்கே கூடுகின்றன, எங்கே பிரிகின்றன என்னும் வினாக்களுக்கு உடற்றொழிலியலறிஞர் நூறாண்டுகளுக்கு மேலாக விடை தேடி வந்துள்ளனர். அத்தேட்டத்தில் அவர்களுக்குப் பெருந்துணையாய் அமைந்த கருவி மிக எளியதொன்று: கையையோ காலையோ சுற்றிக் கட்டிக் குருதியோட்டத்தைச் சிறிதுநேரம் நிறுத்திவைக்கும் பட்டி.

இவ்வினாக்களின் அருமையை உணர்தற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை, கிணற்றடியே போதும். நீர் நிறைந்த வாளியொன்றைக் கையிற் பிடித்து நடப்பவனுக்கு முதற் பத்தடியில் அது பாரமாய்த் தோன்றுவதில்லை. நூறடி கடந்தபின் அதே வாளி விரல்களை இழுக்கின்றது, முன்கை கடுக்கின்றது. வாளியிலுள்ள நீர் கூடவில்லை. வழியிற் சிந்தியிருப்பின் குறைந்தேயிருக்கும். பாரம் மாறாதிருக்கப் பாரவுணர்வு மாறியது எவ்வாறு? இன்னும் வியப்பானது, வாளியைக் கீழே வைத்து அரைநிமிடம் நின்றபின் மீண்டும் எடுக்கும்பொழுது பாரம் பெரும்பாலும் குறைந்துவிட்டதாய்த் தோன்றுதலாகும். செய்துமுடித்த வேலை அரைநிமிடத்தில் செய்யப்படாததாய் மாறிவிடுவதில்லை. ஆகவே முயற்சியுணர்வு பாரத்தின் அளவுமன்று. செய்த வேலையின் அளவுமன்று என்பது தெளிவு. அஃது எதன் அளவு என்பதே ஆராயத்தக்கது.

தசையும் குருதியும்

மனிதவுடலின் நிறையில் ஏறத்தாழ ஐந்திலிரு பங்கு எலும்புகளோடு பொருந்திய தசைகளாகும். ஓய்ந்திருக்குந் தசையின் 100 கிராமுக்கு நிமிடமொன்றில் 3 மில்லிலீற்றர் அளவான குருதி போதும். கடுந்தொழில் நிகழுங்கால் இத்தேவை இருபது மடங்குக்கு மேலும் பெருகும். இக்குருதி இரு பணிகளைப் புரிகின்றது. ஒட்சிசனையும் எரிபொருளையும் தசைக்குக் கொணர்தல் ஒன்று. தொழிற்பாட்டால் விளையும் பொருள்களைத் தசையினின்றும் அகற்றுதல் மற்றொன்று. முதற்பணி தடைப்படின் தசை வலிகுன்றும். இரண்டாவது தடைப்படின் தேங்கிய பொருள்கள் நரம்புகளைத் தூண்டும். பின்னர் வரும் யாவும் இவ்விரு விளைவுகளின் விரிவே எனலாம்.

தசை தன் குருதியோட்டத்தைத் தானே தடைசெய்தலும் உண்டு. சுருங்குந் தசையின் உள்ளே அமுக்கம் உயர்கின்றது. உயர்ந்த அமுக்கம் அதனூடே செல்லும் நுண்குழாய்களை நெரிக்கின்றது. நடத்தல், மாவிடித்தல், துலா மிதித்தல் போன்ற தொழில்களில் தசை சுருங்கியும் தளர்ந்தும் வருதலால், தளருந்தோறும் குருதி உட்புகுகின்றது. வாளியைப் பற்றிநிற்கும் விரல்களின் தசையோ தளர்தலின்றிச் சுருங்கியே நிற்கின்றது. பாக்ரொவ்ற், மில்லன் என்னும் இருவர் 1939ஆம் ஆண்டிற் கெண்டைக்காற் றசைகளை ஆராய்ந்து, வலிய சுருக்கம் நீடிக்குமிடத்துக் குருதியோட்டம் தடைப்படுதலை எடுத்துக்காட்டினர். ஜேர்மனியரான றோமேட் 1960இல் வெளியிட்ட அளவைகளின்படி, ஒருவர் தம் முழுவலிமையின் அரைப்பங்கை ஏறக்குறைய ஒரு நிமிடமே தொடர்ந்து செலுத்தவல்லர். நூற்றுக்கு 15 வீதத்துக்கு உட்பட்ட வலிமையையோ நெடுநேரம் தாங்கவல்லர். இடைப்பட்ட வேறுபாட்டிற் பெரும்பங்கு குருதியின் வரவைப் பொறுத்தது.

இதனை மற்றொரு வழியாலும் தெளியலாம். றொய்ஸ் என்பார் 1958இல், கையின் குருதியோட்டம் இயல்பாயிருக்குங்காலும் பட்டியால் நிறுத்தப்பட்டிருக்குங்காலும் பிடிவலி தளரும் வகையை ஒப்புநோக்கினார். குறைந்த விசைகளில் பட்டி கட்டிய கை விரைவிற் களைத்தது. ஆயின் முழுவலிமையில் ஏறக்குறைய நூற்றுக்கு 60 வீதத்துக்கு மேற்பட்ட விசைகளில் வேறுபாடு காணப்படவில்லை. தசை தன்னை இறுக்கி ஏலவே மூடிவிட்ட வாயிலைப் பட்டி மீண்டும் மூடுதற்கு இடமில்லையன்றோ! வாளியைச் சுமப்பவன் தன்னையறியாமலே தன் முன்கைக்கு உள்ளிருந்து ஒரு கட்டுக் கட்டிவிடுகின்றான். கைமாற்றிப் பிடித்தல் அக்கட்டை அவிழ்த்தலாகும்.

முயற்சி உணரப்படும் இடம்

குருதிக்கும் தசைக்குமுள்ள தொடர்பு இவ்வாறிருக்க, முயற்சி என்னும் உணர்வு தோன்றுமிடம் பற்றி நெடுங்காலம் வழக்கு நிகழ்ந்தது. சார்ள்ஸ் பெல் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர் 1826இல், மூளைக்கும் தசைக்குமிடையே நரம்புகள் ஒரு வட்டமாய் அமைந்துள்ளன என்றார். ஒருவகை நரம்பு மூளையின் ஏவலைத் தசைக்குக் கொண்டு செல்கின்றது. மற்றொருவகை தசையின் நிலையை மூளைக்கு அறிவிக்கின்றது. முயற்சியுணர்வு இவ்விருவழிகளுள் எதனைச் சார்ந்தது என்பதே பின்வந்தோரின் வினாவாயிற்று.

ஜேர்மன் நாட்டு ஹெல்ம்ஹோல்ற்ஸ், வூண்ற் முதலியோர், மூளை ஏவலை விடுக்கும்பொழுதே அதன் வன்மையைத் தானே அறிந்துகொள்கின்றது என்னும் கருத்தைச் சார்ந்தனர். மடல் எழுதுவோன், மறுமொழி வருமுன்னரே தான் எழுதியதை அறிந்திருத்தல் போல்வது இது. அமெரிக்கரான வில்லியம் ஜேம்ஸ் 1880இல் இதனை மறுத்தார். தசை, மூட்டு, தோல் ஆகியவற்றினின்று திரும்பிவருஞ் செய்திகளே முயற்சியாய் உணரப்படுகின்றன என்பது அவர் கொள்கை. பின்னர் செரிங்ரன், தசைகளிலும் நாண்களிலும் அமைந்துள்ள புலனுறுப்புகளின் சிறப்பை நிலைநாட்டியமையால், உள்வருஞ் செய்தியே எல்லாமென்னுங் கொள்கை நெடுநாள் ஓங்கி நின்றது.

வெறும் வாதத்தால் தீராத இவ்வழக்கைத் தீர்த்தற்கு வெளிச்செல்லும் ஏவலையும் உள்வருஞ் செய்தியையும் ஒன்றினின்றொன்று பிரிக்கவேண்டியிருந்தது. இயல்பான தொழிலில் இரண்டும் ஒருங்கே கூடுகின்றன, ஒருங்கே குறைகின்றன. குருதியோட்டத்தை நிறுத்தும் பட்டி அப்பிரிவைச் செய்வித்தது.

பட்டி செய்த பரிசோதனைகள்

இலண்டனில் தோமஸ் லூயிஸ் தம் துணைவர் இருவரோடு 1931இல் வெளியிட்ட ஆய்வு இத்துறைக்கு அடிக்கல்லாய் அமைந்தது. மேற்கையில் பட்டியொன்றைச் சுற்றி, நாடிக் குழாய்களிலுள்ள அமுக்கத்தை மிஞ்சும் அளவுக்கு அதிற் காற்று நிரப்பினர். அந்நிலையிற் கை அசையாதிருப்பின் சில நிமிடங்கள் கழிந்தும் தசையில் நோவு தோன்றவில்லை. கையை நொடிக்கொருமுறை மூடித் திறந்து தொழிற்படுத்தினாலோ, ஒரு நிமிடத்துக்குள்ளேயே நோவு எழுந்து, சிறிது நேரத்திற் பொறுத்தற்கரிதாயிற்று. எனவே குருதியின்மை தானே நோவைத் தருவதன்று. குருதியின்றித் தொழிற்படுதலே தருவது.

அடுத்து அவர் கண்டது இன்னும் பொருள்பொதிந்தது. நோவு தோன்றியபின் கையின் தொழிலை நிறுத்திப் பட்டியை மட்டும் அவிழ்க்காது வைத்தனர். நோவு சிறிதும் தணியவில்லை. பட்டியை அவிழ்த்துக் குருதியைப் பாயவிட்ட சில நொடிகளில் அது முற்றும் நீங்கிற்று. தசை இறுக்கமே நோவுக்குக் காரணமாயின், தொழில் நின்றவுடன் நோவும் நின்றிருத்தல் வேண்டும். ஆதலின் தொழிலால் விளைந்து, குருதியால் அகற்றப்படும் ஏதோவொரு பொருள் தசையில் தேங்கி நிற்கின்றது என லூயிஸ் முடிபுசெய்தார். அதன் இயல்பு அறியப்படாமையால் அதற்கு 'பீ காரணி' என்று பெயரிட்டு அமைந்தார்.

அந்நிலையில் ஒருவர் உணர்வதைக் கூர்ந்து நோக்கின், முயற்சிக்கும் நோவுக்கும் உள்ள வேறுபாடு வெளிப்படையாகும். கை ஓய்ந்து கிடக்கின்றது. மூளையின் ஏவல் இல்லை. ஆகவே முயற்சி என்னும் உணர்வும் இல்லை. நோவு மட்டும் முழுமையாய் நிற்கின்றது. உள்வருஞ் செய்தியே முயற்சியாயின், இங்கே முயற்சியும் உணரப்பட்டிருத்தல் வேண்டும். நோவு உள்வருவது, முயற்சி அதனின் வேறாய் ஏவலோடு பிறப்பது என்னும் உண்மைக்கு இஃது ஒரு சான்று. அலம், சிமேர்க் என்னும் இருவர் 1937இல் இந்நிலையில் உடல் முழுவதன் குருதியமுக்கத்தை அளந்தனர். தொழில் நின்றபின்னரும் பட்டி கட்டப்பட்டிருக்குமளவும் அமுக்கம் உயர்ந்தே நின்றது, அவிழ்த்தவுடன் தாழ்ந்தது. குருதி போதாத தசை நோவை மட்டும் அறிவித்து அமைவதில்லை. தெறிவினையொன்றால் குருதியமுக்கத்தை உயர்த்தித் தனக்கு வேண்டியதைத் தானே கேட்கின்றது.

தசையின் வலிமைக்கு யாது நேர்ந்தது என்பதை மேர்ற்றன் 1954இல் ஆராய்ந்தார். பெருவிரலை உள்ளிழுக்குந் தசையை முழுவலிமையோடு களைக்குமட்டும் இயங்கச்செய்து, பின்னர் பட்டியால் குருதியோட்டத்தை நிறுத்தினார். ஓய்வு கொடுத்தும் வலிமை மீளவில்லை. குருதி பாய்ந்தபின்னரே மீண்டது. நரம்பை மின்னால் தூண்டியும் களைத்த தசை கூடிய விசையைத் தரவில்லை. ஏவல் குன்றியதன்று, ஏவலை நிறைவேற்றும் தசையே குன்றியது என்பது இதன் கருத்து. காரணம் பின்னர் தெளிவாயிற்று. சுருக்கத்துக்கு வேண்டிய சத்தியை உடனுக்குடன் வழங்கும் கிரியற்றின் பொசுபேற்று, தொழிலின்போது பிளவுறுகின்றது. அது மீண்டும் உருவாதற்கு ஒட்சிசன் வேண்டும். அதற்கிடையிற் பிளவினால் வெளிப்பட்ட பொசுபேற்று தேங்கித் தசையின் இழுவிசையைத் தளர்த்துகின்றது. ஆகவே குருதியற்ற ஓய்வு ஓய்வாகாது.

இத்தகைய பரிசோதனைகள் சில நிமிடங்களுக்குள் முடிக்கப்படுதற்குக் காரணமுண்டு. பட்டி ஏறக்குறைய கால்மணி நேரத்துக்கு மேலும் நீடிப்பின் நரம்புகளே செயலிழக்கத் தொடங்கும்; விரல்நுனியிலிருந்து மேனோக்கி உணர்ச்சி குன்றும். சம்மணமிட்டு நெடுநேரம் இருந்தவர்க்குக் கால் விறைத்தலும், எழுந்தபின் ஊசி குத்துவது போன்ற உணர்ச்சி பரத்தலும் நரம்பைச் சார்ந்தனவேயன்றித் தசையின் முயற்சியைச் சார்ந்தனவல்ல. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

ஏவலும் மறுமொழியும்

முயற்சி ஏவலோடு பிறப்பது என்னும் பழைய கருத்துக்கு அவுஸ்திரேலிய அறிஞர் மக்குளொஸ்கியும் அவர் துணைவரும் புத்துயிரளித்தனர். ஒரு கையாற் பாரமொன்றைத் தொடர்ந்து தாங்கிநிற்பவரிடம், அதற்கு ஒப்பெனத் தோன்றும் பாரத்தை மற்றைக் கையால் தெரிந்தெடுக்குமாறு கேட்டனர். நேரஞ் செல்லச்செல்ல அவர் மேலும்மேலும் பாரமானவற்றையே தெரிந்தெடுத்தார். இவ்வாய்வு 1974இல் வெளியாயிற்று. கந்தீவியாவும் மக்குளொஸ்கியும் 1977இல், தசைகளைச் சிறிதளவு முடக்கும் கியூராரே என்னும் மருந்தைப் பயன்படுத்தினர். தசையில் தேக்கமில்லை, நோவில்லை, குருதியோட்டத்திற் குறையில்லை. எனினும் பாரங்கள் முன்னையினும் பாரமாய்த் தோன்றின. வலிகுன்றிய தசையைக் கொண்டு அதே பாரத்தைத் தூக்குதற்கு மூளை கூடிய ஏவலை விடுக்கவேண்டியிருந்தது. அவ்வேவலின் மிகுதியே பாரத்தின் மிகுதியாய் உணரப்பட்டது.

குருதியோட்டம் தடைப்பட்ட தசையில் நிகழ்வதன் முதற்கூறு இதனால் விளங்கும். தசை வலிகுன்றுகின்றது; அதே வேலையைச் செய்வித்தற்கு ஏவல் பெருகுகின்றது; பெருகிய ஏவல் பெருகிய முயற்சியாய்த் தோன்றுகின்றது. உழவன் மாறவில்லை, உழும் நிலமும் மாறவில்லை. மாடு களைத்தமையால் அதட்டும் குரல் உயர்கின்றது. அக்குரலின் உயர்வையே உழவன் தன் முயற்சியாய் அறிகின்றான்.

இரண்டாவது கூறு உள்வரும் மறுமொழியாகும். தசைகளில் மெல்லிய நரம்பிழைகள் மிகப்பல உள. அவற்றுட் சில இழுப்பையும் அமுக்கத்தையும், சில தேங்கிய இரசாயனப் பொருள்களையும் அறிந்து முண்ணாணுக்கு அறிவிக்கின்றன. லூயிஸ் பெயரிட்ட 'பீ காரணி' யாது என்னும் வினா இங்கே எழும். பிளெச்சர், ஹொப்கின்ஸ் என்னும் கேம்பிறிட்ச் அறிஞர் 1907இல், களைத்த தவளைத்தசையில் இலற்றிக் அமிலம் தேங்குதலையும், ஒட்சிசன் கிடைத்தவுடன் அது குறைதலையும் காட்டியிருந்தனர். அன்றுமுதல் களைப்புக்கும் நோவுக்கும் இலற்றிக் அமிலமே காரணமெனப் பலரும் எழுதினர். பள்ளிப் பாடநூல்களிலும் அக்கருத்து இடம்பெற்றது. அமெரிக்காவின் யூற்றா மாநிலத்து ஆய்வாளர் 2014இல் வெளியிட்ட பரிசோதனை இதனைத் திருத்திற்று. ஐதரசன் அயன், இலற்றேற்று, அடினோசின் முப்பொசுபேற்று ஆகியவற்றைத் தனித்தனியே பெருவிரல் தசையினுட் செலுத்தியபொழுது குறிப்பிடத்தக்க உணர்வு எதுவும் எழவில்லை. மூன்றையும் சேர்த்துச் செலுத்தியவிடத்து, மிதமான தொழிலில் தேங்கும் அளவில் களைப்பும் கனமும் போன்ற உணர்வுகள் தோன்றின. அளவு கூடியபொழுது நோவு தோன்றிற்று. தசை ஓய்ந்திருந்தும் களைத்தாற்போன்ற உணர்வு பிறந்தது. ஆகவே 'பீ காரணி' தனியொரு பொருளன்று. பல பொருள்களின் கூட்டு எனக் கொள்ளுதல் பொருந்தும்.

இம்மறுமொழி நோவை அறிவிப்பதோடு நிற்பதில்லை. ஏவலையே தணிக்கவும் செய்கின்றது. கந்தீவியாவும் துணைவரும் 1996இல், முழங்கையை மடக்கும் தசைகளைக் களைப்பித்துப் பட்டியால் குருதியை நிறுத்தியபின் மூளைய மேற்பட்டையைக் காந்தத் துடிப்பால் தூண்டினர். மேற்பட்டையின் தூண்டற்பேறு இயல்பு நிலைக்கு மீண்டிருந்தும், ஒருவர் தம் விருப்பால் தசையை முழுவதும் இயக்கும் ஆற்றல் மீளவில்லை. குருதி திரும்பியபின்னரே மீண்டது. பசித்த தசையின் முறையீடு மூளையின் ஏவலுக்கு மேல்வழியிலேயே தடை விதிக்கின்றது என்பது இதனாற் பெறப்படும்.

அம்முறையீட்டை மறைத்துவிடின் யாது நேரும்? அமான் என்பாரும் துணைவரும் 2009இல் இதனைச் சோதித்தனர். பயிற்சிபெற்ற மிதிவண்டி வீரரின் இடுப்புமுண்ணாணுக்கு அருகில் பென்டனில் என்னும் மருந்தைச் செலுத்தினர். கால்களின் வலிமை குறையவில்லை. அவற்றினின்று வருஞ் செய்தி மட்டும் பெரிதும் அடங்கிற்று. 5 கிலோமீற்றர் ஓட்டத்தின் முற்பாதியில் வீரர் வழக்கத்தினும் வன்மையாய் மிதித்தனர். ஆயினும் முழுத்தூரத்தையும் முன்னையினும் விரைவில் முடித்தாரல்லர். முடிவிலே கால்தசைகளின் களைப்பு வழக்கமான எல்லையைத் தாண்டிவிட்டது. நோவு என்பது வெற்றியைத் தடுக்கும் பகையன்று. தசையின் சேமிப்பைக் காக்கும் காவலன் என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டியதில்லை.

அளவையும் அதன் எல்லையும்

அகவுணர்வை எண்ணால் அளத்தல் இயலுமா என ஐயுறுவோருளர். ஸ்ரீவன்ஸ், மாக் என்போர் 1959இல், கைப்பிடியின் விசை கூடுந்தோறும் முயற்சியுணர்வு அதனினும் விரைந்து கூடுதலைக் காட்டினர். உணர்வு, விசையின் 1.7 என்னும் அடுக்குக்கு ஏற்ப வளர்கின்றது. விசை இருமடங்கானால் உணர்வு மும்மடங்கையும் மிஞ்சும். சுவீடன் நாட்டு உளவியலறிஞர் குண்ணர் போர்க், 6 முதல் 20 வரையான படிகளையுடைய அளவுகோலொன்றை வகுத்து 1970இல் விளக்கினார். தொழில் செய்பவர் தம் முயற்சி எத்துணையது என்பதை அவ்வெண்களுள் ஒன்றாற் கூறுவர். இளமையும் நலமும் வாய்ந்தோரிடத்து அவ்வெண்ணின் பத்துமடங்கு இதயத்துடிப்புக்கு ஏறக்குறைய ஒப்பாகும் என்பது அவர் கருத்து.

குருதியோட்டம் தடைப்படும்பொழுது இவ்வொப்புமை குலைகின்றது. சிறிய தசைத்தொகுதியொன்று பட்டியின்கீழ்த் தொழிற்படுமாயின், இதயத்துடிப்பு அதிகம் உயராமலே முயற்சியுணர்வு உயர்தல் கூடும். இக்குலைவைப் பயனாக்கிக்கொண்டவர் ஜப்பானியரான யொசியாக்கி சாத்தோ. 1966இல் பௌத்த சடங்கொன்றில் நெடுநேரம் முழங்காலை மடக்கி இருந்தபொழுது, தம் கெண்டைக்காலில் எழுந்த உணர்வு கடும்பயிற்சியின்பின் எழுவதை ஒத்திருந்ததை அவர் கவனித்தார் என்பர். அதனின்று அவர் வளர்த்த பயிற்சிமுறையில், கால்களையோ கைகளையோ பட்டியால் அளவாக இறுக்கிச் சிறுபாரங்களைத் தூக்குவர். முழுவலிமையின் நூற்றுக்கு 20 முதல் 30 வீதம் வரையான பாரமே இம்முறையில் தசையைப் பெருக்கவும் வலுப்படுத்தவும் வல்லது. அதே பாரத்தைப் பட்டியின்றித் தூக்குவதினும் இதில் முயற்சியும் நோவும் மிகுதியாய் உணரப்படுகின்றன. அறுவைச்சிகிச்சையின்பின் பெரும்பாரம் தூக்கலாகாதவர்க்கு இம்முறை பயன்படுகின்றது. ஆயின் குருதியுறைவு முதலிய கேடுகளுக்கு இடமிருத்தலால், தக்கார் மேற்பார்வையின்றி மாணவர் கயிறும் துணியும் கொண்டு இதனைச் செய்துபார்த்தல் தகாது.

பட்டி கட்டாத பட்டி

ஆய்வுகூடத்திற் பட்டி செய்வதை உடலினுள் நோய் செய்தலும் உண்டு. பிரான்சில் பூலே என்னும் கால்நடை மருத்துவர் 1831இல், சிறிது தூரம் ஓடியபின் பின்காலை நொண்டி நிற்கும் குதிரையொன்றை ஆராய்ந்து, அதன் நாடிக்குழாய் அடைபட்டிருத்தலைக் கண்டார். சார்க்கோ 1858இல் அந்நிலை மனிதரிடத்தும் உண்டென எடுத்துரைத்தார். நோயாளர் ஓய்ந்திருக்குங்கால் குறையெதுவும் உணரார். குறித்த தூரம் நடந்தபின் கெண்டைக்காலில் கடுப்பு எழும். நின்றால் சில நிமிடங்களில் நீங்கும். மீண்டும் ஏறக்குறைய அத்தூரம் நடந்தவுடன் எழும். மேட்டு நிலத்திலும் விரைந்த நடையிலும் அத்தூரம் சுருங்கும். லூயிஸ் தம் பரிசோதனைகளைச் செய்தது இந்நோயின் இயல்பை அறிதற்பொருட்டே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. குழாய் ஒடுங்கியமையால், ஓய்வுக்குப் போதுமான குருதி தொழிலுக்குப் போதாதாகின்றது. புகைபிடித்தலும் நீரிழிவும் இவ்வொடுக்கத்துக்குத் தலையாய காரணங்களுட் சேர்ந்தன.

இங்கேதான் முயற்சியுணர்வைப் பிழையாய் வாசித்தலால் பெருந்தீங்கு விளைகின்றது. முதியவர் ஒருவர் முன்னர் கோயிலுக்கு நடந்துசென்றவர், பின்னர் பாதிவழியில் மதகிலே இருந்து செல்கின்றார். பின்னர் போவதையே விட்டுவிடுகின்றார். வயதாகிவிட்டது என அவர் கருதுகின்றார். சோம்பல் வந்துவிட்டது என இளையோர் கருதுகின்றனர். இரண்டும் தவறாயிருத்தல் கூடும். கணுக்காலில் அளந்த குருதியமுக்கத்தைக் கையில் அளந்த அமுக்கத்தால் வகுத்துக் கிடைக்கும் எண் 0.9இற் குறையுமாயின், காலின் நாடிக்குழாய் ஒடுங்கியுள்ளது என மருத்துவர் ஐயுறுவர். சில நிமிடங்களில் முடியும் இச்சோதனைக்கு உடலைக் கீறவேண்டியதில்லை. காலில் ஒடுங்கிய குழாய், இதயத்திலும் மூளையிலும் அத்தகைய ஒடுக்கம் இருத்தல் கூடுமென்பதற்கு முன்னறிவிப்பாகும். ஆதலின் காலின் முறையீட்டைக் கேளாது விடுதல் காலளவில் நிற்கும் இழப்பன்று.

இந்நோயாளர்க்கு நடையே மருந்தாதலும் அறியத்தக்கது. டென்மார்க்கைச் சேர்ந்த லாசன், லாசென் என்னும் இருவர் 1966இல், நாள்தோறும் ஒழுங்காக நடைப்பயிற்சி செய்த நோயாளர் முன்னையினும் நெடுந்தூரம் நடக்கவல்லராயினர் எனக் காட்டினர். நோவு எழுமளவும் நடந்து, நின்று ஆறி, மீண்டும் நடத்தலே இப்பயிற்சியின் முறை. கிடைக்குங் குருதியைச் சிக்கனமாய்ப் பயன்படுத்தத் தசை பழகிக்கொள்கின்றது. புகைபிடித்தலை ஒழித்தலும் தக்க மருந்துகளும் இதற்குத் துணையாகும். ஆகவே நோவை அஞ்சி நடையை ஒழித்தலும் பிழை. நோவைப் பொருட்படுத்தாது மருத்துவரை நாடாதிருத்தலும் பிழை.

இதுகாறும் கூறியவற்றால், முயற்சி என்பது பாரத்தின் நிறையை அறிவிக்கும் தராசன்று என்பது பெறப்பட்டது. மூளை விடுக்கும் ஏவல் எத்துணைப் பெரிது என்பதை முயற்சியுணர்வு கூறுகின்றது. தசைக்கு வேண்டியது கிட்டிற்றா என்பதை நோவு கூறுகின்றது. குருதி தடைப்படுமிடத்து இரண்டும் ஒருங்கே பெருகுதலால் அவை ஒன்றெனத் தோன்றுகின்றன. தொழிலை நிறுத்திப் பட்டியை விட்டுவைப்பின் முயற்சி மறைந்து நோவு எஞ்சுதலால் அவை இரண்டென்பது விளங்குகின்றது. திருவள்ளுவர் ஆள்வினையுடைமை என ஓர் அதிகாரம் வகுத்து ஊக்கிய முயற்சி மனத்தைச் சார்ந்தது. அதனை நிறைவேற்றும் தசையோ குருதியைச் சார்ந்தது. ஒருவரின் தளர்ச்சியைக் கண்டவிடத்து அவர் மனத்தைக் குறைகூறுமுன், அவர் தசைக்குக் குருதி போதிய அளவு செல்கின்றதா என வினாவுதல் ஆசிரியர்க்கும் மக்கட்கும் ஒருங்கே கடனாகும். விளையாட்டிடத்து மூச்சுவாங்கி நிற்கும் மாணவனிடத்தும், வீதியோரத்து நின்று காலைத் தடவும் பாட்டனாரிடத்தும் அவ்வினா ஒன்றே.